60-ஐத் தாண்டினால் கார் உதறுதா? உஷார்!

டயரைக் குறை சொல்லுமுன் அடியில் குனிந்து பாருங்கள்

மாதவரம்:

பழைய அம்பாசிடர், ஆம்னி வேன், 'குட்டி யானை' என்கிற டாட்டா ஏஸ். மூன்றிலும் என்ஜின் முன்பக்கம். ஆனால் வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம்! என்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டுபோவது அடியில் சுழலும் புரொப்பல்லர் ஷாப்ட்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-லும், ஆம்னி 2019-லும் நின்றுபோச்சு. மிச்சமிருக்கும் வண்டிகளுக்கு வயசு ஏறுது. உதறினால் பலர் முதலில் டயருக்குத்தான் பணம் அழுகிறார்கள்.

கோளாறு எங்கே?

ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம் அல்லது ஷாப்ட். டயர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாப்ட் பல சுற்று போடும். அதனால் டயர் கோளாறு 'தடக் தடக்'. ஷாப்ட் கோளாறு 'கிர்ர்ர்'.

காலி ரோட்டில், அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். என்ஜினை அணைக்க வேண்டாம். உதறல் நின்றால் என்ஜின், கிளட்ச் பக்கம் சந்தேகம். நிற்காவிட்டால் சக்கரமோ ஷாப்டோதான்.

கிளம்பும்போது 'டக்' என்றால் ஷாப்ட் முனையிலுள்ள கிராஸைப் பாருங்கள். கிரீஸ் வற்றி, மழைத்தண்ணீர் புகுந்து பேரிங் துருப்பிடித்திருக்கும். சுற்றிலும் செம்பொடி தெரியும்.

அலட்சியம் ஆபத்து!

ஓட்டத்தில் முன்முனை கிராஸ் உடைந்தால் ஷாப்ட் ரோட்டில் விழுந்து குத்தும். மாதவரம் 200 அடி சாலையில், பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது அப்படி நடந்தால்?

ஷாப்டைக் கழற்றுமுன் அடையாளக் கோடு போடச் சொல்லுங்கள். இடம் மாற்றி மாட்டினால் புது கிராஸ் போட்டும் உதறல் போகாது!