தீ மூளுமுன் வரவேண்டிய படை

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டத் தொடங்குபவனைக் கண்டு நகைக்காதவர் இல்லை. ஆயினும், அந்தக் கிணற்றை முன்னரே வெட்டி வைத்திருப்போர் நம்முள் எத்தனை பேர்? தீயணைப்புப் படை என்றதும் நமது மனக்கண்முன் தோன்றுவன செந்நிற வண்டியும், அபாயச் சங்கொலியும், ஏணியும், நீர்க்குழாயுமே. தீப்பற்றிய பின்னர் ஓடிவருவதொன்றே அப்படையின் தொழில் என்று எண்ணிப் பழகிவிட்டோம். உண்மையில் அப்படையினர் ஆற்றும் தொண்டின் சிறந்த பகுதி, தீயே இல்லாத நாளில், பாடசாலை முற்றத்திலும் சந்தை வாசலிலும் மக்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லுவதேயாகும். அத்தொண்டு பெருநகரங்களைக் காட்டிலும் மாம்புரி போன்ற கடற்கரைக் கிராமங்களுக்கே இன்றியமையாதது என்பதை எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

கிடுகும் காற்றும்

ஒருபால் கடலும் மறுபால் புத்தளக் களப்பும் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டில் அமைந்தது மாம்புரி. காற்றின் வலிமையை இவ்வூராருக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2010 ஆம் ஆண்டில் இங்கே காற்றாலைகளை நாட்டி மின்சாரம் எடுக்கத் தொடங்கியமையே அதற்குப் போதிய சான்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணலை வாரி இறைக்கும் அக்காற்று, மணலுக்குப் பதிலாக ஒரு தீப்பொறியைச் சுமந்து சென்றால் விளைவு என்னவாகும்?

கல்வீடுகள் பெருகிவிட்டன என்பது மெய்யே. எனினும் கிடுகு வேலியும், கிடுகு வேய்ந்த குசினியும், மீனவர் தங்கும் வாடிகளும் இக்கரையில் இன்னும் மறைந்துவிடவில்லை. உலர்ந்த தென்னோலை மெல்லியது. அதன் இடுக்கெங்கும் காற்றுப் புகும். ஆகவே அது மரத்தினும் விரைவாக எரியும். எரிந்து பிய்ந்த ஓலைத் துண்டைக் காற்று தூக்கிச் சென்று அடுத்த கூரையில் வைக்கும். அந்த வாடியினுள்ளேயோ படகு இயந்திரத்துக்குரிய மண்ணெண்ணெய்க் கலனும் நைலான் வலைக் குவியலும் அருகருகே கிடக்கும். துன்பம் வருமுன் காத்துக்கொள்ளாதவனது வாழ்வைத் தீயின்முன் கிடக்கும் வைக்கோற் போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கிடுகு வேய்ந்த ஊரார் அவ்வுவமையின் பொருளை உரையாசிரியரின் துணையின்றியே அறிவர்.

தமிழ்நாட்டில் கீற்று என வழங்குவதும் நமது கிடுகின் இனமே. அது விளைத்த மூன்று துயரங்களை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1997 ஜூன் 7 ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயிற் குடமுழுக்கின்போது வேள்விப் பந்தல் தீப்பற்றியதில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஜனவரி 23 ஆம் நாள் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றின் மாடிப் பந்தல் எரிந்து, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதே ஆண்டு ஜூலை 16 ஆம் நாள் கும்பகோணத்துப் பாடசாலையொன்றில் சமையற் கூடத்தில் மூண்ட தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவி, 94 சிறுவர் சிறுமியரின் உயிரைக் குடித்தது. இம்மூன்றிலும் நெருப்பு மாத்திரம் உயிர் கொள்ளவில்லை. நெரிசலும், ஒடுங்கிய வழியும் அதனோடு கூடிநின்று கொன்றன. நமது கோயில் விழாவுக்கும் திருமண வீட்டுக்கும் பந்தல் போடுவோர், அடுப்பு எங்கே, வெளியேறும் வழிகள் எத்தனை என்ற இரண்டு கேள்விகளையும் கம்பம் நடுமுன்னரே கேட்டுக்கொள்வார்களாக.

வண்டி வரும் தூரம்

இலங்கையில் தீயணைப்புச் சேவை உள்ளூராட்சி மன்றங்களைச் சார்ந்தது. பெரும்பாலும் மாநகர சபைகளும் நகர சபைகளுமே படையும் வண்டியும் வைத்துப் பேணுகின்றன. பிரதேச சபைகளுக்குட்பட்ட கிராமங்கள் பலவற்றுக்கு அயல் நகரத்து வண்டியே துணை. கற்பிட்டிப் பிரதேச சபைக்குட்பட்ட மாம்புரிக்குப் புத்தளம் நகரிலிருந்து ஒரு வண்டி வருவதாயின், அது தெற்கே பாலாவிச் சந்திவரை வந்து, அங்கே கற்பிட்டி வீதியில் திரும்பி, மீண்டும் நெடுந்தூரம் ஓடவேண்டும். சாரதி எத்துணை வல்லவராயினும் தூரத்தைச் சுருக்க அவரால் இயலாது. ஓலைக் கூரையோ சில நிமிடங்களில் எரிந்து வீழ்ந்துவிடும். ஆகவே இங்கே முதலாவது தீயணைப்பு வீரர், அவ்வேளையில் அடுப்படியில் நிற்கும் தாயோ, திண்ணையிலிருக்கும் பாட்டனோ, பாடசாலை விட்டு வந்த பிள்ளையோதான். சீருடை அணியாத அந்த வீரருக்குப் பயிற்சி அளித்தவர் யார் என்பதே நமது கேள்வி.

படையினர் சொல்லும் பாடம்

1944 ஏப்ரல் 14 ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’ என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தது. பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. தீயை அணைக்கச் சென்ற வீரர்களில் 66 பேர் உயிர் நீத்தனர். அவர்களின் நினைவாக இந்தியாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடைபெறுகிறது. மாண்டோருக்கு மலர் சாத்துவதோடு நில்லாமல், படையினர் பாடசாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சென்று தீத்தடுப்பு முறைகளைச் செய்து காட்டுகின்றனர். எளிதில் எரிவதையும் வெடிப்பதையும் ஒன்றாக வைத்தல் ஆகாது என்பது அக்கப்பல் தந்த பாடம். அடுப்பின் பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கலனை வைத்திருக்கும் ஒவ்வொரு குசினிக்கும் அது பொருந்தும்.

படையினர் கற்பிப்பவற்றின் சாரம் எளிது. எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் கூடினாலன்றித் தீ இல்லை. ஒன்றை நீக்கினால் தீ மாயும். தாச்சியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் நீர் ஊற்றலாகாது. கொதிக்கும் எண்ணெயினுள் இறங்கிய நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசியடிக்கும். அடுப்பை அணைத்து, தாச்சியைப் பொருந்தும் மூடியால் மூடி, ஆறும்வரை அதனை அசையாது விடுதலே முறை. நிலத்தில் சிந்தி எரியும் மண்ணெண்ணெய்க்கு மணல் நல்ல மருந்து. மணலுக்கு மாம்புரியில் என்ன பஞ்சம்? வாளி இரண்டில் அதை நிரப்பிக் குசினி வாசலில் வைக்க ஒரு சதமும் செலவில்லை. ஆடையில் தீப்பற்றினால் ஓடுதல் கூடாது. ஓட ஓடக் காற்று தீயை வளர்க்கும். நின்று, நிலத்தில் வீழ்ந்து, முகத்தைக் கைகளால் மூடிப் புரளவேண்டும். வெந்த புண்ணின்மீது பற்பசையும் எண்ணெயும் தடவாமல், ஓடும் குளிர்நீரை 20 நிமிடம் விடவேண்டும். தீ பெருகிவிட்டால் பொருளைத் தேடி நிற்காமல் ஆட்களோடு வெளியேறவேண்டும்.

விளக்கும் வாயுவும்

இத்தகைய போதனையால் பயன் விளையுமா என்று ஐயுறுவோர்க்கு நமது நாட்டிலேயே விடை உண்டு. வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் நிரப்பித் திரி செருகிய குப்பிவிளக்கு, கவிழ்ந்த மாத்திரத்தில் எண்ணெயைக் கொட்டிப் படுக்கையைப் பற்றவைக்கும். அவ்வாறு வெந்து வந்தோருக்குச் சிகிச்சை அளித்த சத்திர வைத்தியர் விஜய கொடகும்புர, புண்ணை ஆற்றுவதோடு அமையாமல் விளக்கையே திருத்த முற்பட்டார். 1992 இல் தொடங்கிய அம்முயற்சியில் பிறந்தது ‘சுதீபா’ விளக்கு. அது குட்டையானது, கனத்த கண்ணாடியாலானது, திருகு மூடியுடையது, கவிழ்ந்தாலும் உருளாதவாறு இரு பக்கமும் தட்டையானது. அவ்விளக்குகள் இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் நிறுவனத்தின் உலகப் பரிசும் கிட்டியது.

மின்சாரம் வந்தபின் விளக்கின் கதை எதற்கு என்பீர்களாயின், 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்ததை நினைவூட்டுவோம். அன்று பரண்மேற் கிடந்த பழைய விளக்குகளும் மெழுகுதிரிகளும் மீண்டும் இறங்கின. அதற்குச் சில மாதங்கள் முன், 2021 நவம்பரிலும் டிசம்பரிலும், சமையல் வாயுக் கசிவால் நாடெங்கும் வெடிப்புகள் நிகழ்ந்து இல்லத்தரசிகள் அடுப்படிக்குச் செல்லவே அஞ்சினர். வாயுக் கலவையில் செய்யப்பட்ட மாற்றமே முதன்மைக் காரணம் என அதனை ஆராய்ந்த குழு தெரிவித்தது. கலவையைக் கவனிப்பது அரசின் கடமை. கசிவைக் கவனிப்பது நமது கடமை. அவ்வாயு காற்றினும் கனமானதாகையால் தரையில் தவழ்ந்து தேங்கும். மணம் எழுந்தால் மின் ஆளியைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிலிண்டரின் வாயை மூடி, கதவு சாளரங்களைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுக.

நாம் செய்யத்தக்கது

ஆண்டுதோறும் பருவக்காற்று எழுமுன், சித்திரை மாதத்திலே, தீயணைப்புப் படையினரை ஊருக்கு அழைப்போமாக. கோயில் பரிபாலன சபையும், பள்ளிவாசல் நிருவாகமும், தேவாலயச் சபையும், பாடசாலை அதிபரும், மீனவர் சங்கமும் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டுக் கேட்டால் மறுப்பவர் யார்? வரும் படையினர் நமது ஒழுங்கைகளையும் ஒருமுறை பார்த்துச் செல்லட்டும். வண்டி நுழையாத இடம் எது, நீர் எடுக்கத்தக்க கிணறு எது என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருப்பது நன்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நீர் இறைக்கும் இயந்திரங்கள் இப்பகுதித் தோட்டங்களில் உள்ளன. ஓலைத் தீ மூண்டால் அவற்றை எவர், எங்கே கொண்டுசெல்வது என்று இளைஞர் கழகம் ஒரு பட்டியல் வரைந்து வைக்கலாம். மின்சாரம் பாயும் இடத்தில் மாத்திரம் நீர் விடலாகாது என்பதையும் அப்பட்டியலின் தலையில் எழுதுக.

பிரதேச சபைக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. புதிய வண்டி வாங்கப் பொருள் சேரும்வரை, ஆண்டுக்கு ஒரு பயிற்சி நாளையேனும் தனது செலவுத் திட்டத்தில் அது சேர்த்துக்கொள்ளவேண்டும். வரி செலுத்தும் கிராமத்தான் உயிரும் நகரத்தான் உயிரும் ஒரே நிறை உடையன.

இன்று மாலையே வாசகர் ஒவ்வொருவரும் செய்யத்தக்க சிறு காரியம் ஒன்றுண்டு. தீயணைப்புக்குரிய 110, பொலிசுக்குரிய 119, நோயாளர் வண்டிக்குரிய 1990 என்னும் மூன்று எண்களோடு, புத்தளம் தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணையும் கேட்டறிந்து, பிள்ளையின் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதுவித்துச் சுவரில் ஒட்டுங்கள். எழுதும் பிள்ளை அதற்கான காரணத்தைக் கேட்கும். அடுப்பைக் காட்டி அதற்கு விடை கூறுங்கள்.