செயின் தேய்ந்ததை எண் சொல்லும்

ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய கார் ஒன்றை வாங்க நீங்கள் முனைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்ணம் மங்கவில்லை. இருக்கைகள் கிழியவில்லை. டயர்கள் புதியவை. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பிள்ளைகளோ அப்பொழுதே பின்னிருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டார்கள். அவசரப்பட்டு முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எஞ்சினுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒரு சங்கிலியைப் பற்றி முதலில் விசாரியுங்கள்.

'டைமிங் செயின்' என்பது அதன் பெயர். பிஸ்டன்களால் சுழற்றப்படும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் அது பிணைக்கிறது. கிராங்க் இருமுறை சுழன்றால் கேம் ஒருமுறை சுழல வேண்டும். இக்கணக்கு பிசகலாகாது. பல எஞ்சின்களில் பிஸ்டன் ஏறிவரும் இடத்திற்கே வால்வும் இறங்கி வருகிறது. இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வருவதால்தான் மோதல் நிகழ்வதில்லை. தளர்ந்த செயின் பற்களைத் தாண்டிவிட்டால் பிஸ்டன் வால்வை வளைத்துவிடும். பிறகு எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். அந்தச் செலவு சில வேளைகளில் வண்டியின் விலையையே எட்டிப் பிடித்துவிடும்.

செயின் 'நீண்டுவிட்டது' என்று பட்டறைகளில் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகளும் அவை பொருந்தியிருக்கும் துளைகளும் இம்மி இம்மியாகத் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியின் தேய்மானமும் சேர்ந்து மொத்த நீளமாகிறது. உரிய காலத்தில் மாற்றப்படாத எஞ்சின் ஆயிலே இதற்குப் பெரிதும் காரணம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பல எஞ்சின்களில் ஆயிலின் அழுத்தத்தைக் கொண்டே இயங்குகிறது என்பதை மறந்துவிடலாகாது.

முன்பெல்லாம் இத்தேய்மானத்தை அறிய மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. இன்று அத்தனை சிரமமில்லை. தன் கோளாறைத் தானே கண்டறியும் ஓ.பி.டி. ஏற்பாடு நம் நாட்டுக் கார்களில் 2010 ஏப்ரலில் முதற்கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் நடைமுறைக்கு வந்தது. ஸ்டீயரிங்கின் கீழ்ப்புறத்தில் 16 முனைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் ஸ்கேனரைப் பொருத்தினால் எஞ்சின் கணினி பேசத் தொடங்கும்.

கிராங்குக்கு ஒரு சென்சார், கேமுக்கு ஒரு சென்சார். இரண்டும் அனுப்பும் துடிப்புகளைக் கணினி இடைவிடாது ஒப்பிடுகிறது. செயின் தேயத் தேய, கேம் தன் நேரத்திற்குச் சற்றே பின்தங்குகிறது. வேறுபாடு தயாரிப்பாளர் வகுத்த எல்லையைக் கடந்தால் 'பி 0016' போன்ற குறியீடு பதிவாகி, விளக்கு எரியும். சற்றே சிந்தித்துப் பாருங்கள்: எல்லையைக் கடந்த பிறகுதானே விளக்கு! அதுவரை நிகழ்ந்த தேய்மானத்தைப் பற்றி அது மூச்சுவிடுவதில்லை. ஆகவே 'குறியீடு ஏதும் இல்லை' என்ற சொல்லோடு நீங்கள் மனநிறைவு கொள்ளலாகாது. கேம் எத்தனை டிகிரி விலகி நிற்கிறது என்ற எண்ணையே கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்கோடா லாரா, சூப்பர்ப் கார்களில் வந்த 1.8 லிட்டர் டி.எஸ்.ஐ. பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்து எஞ்சின்களின் செயினும் டென்ஷனரும் பெயர்பெற்ற பலவீனங்கள்; அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் மீது தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2018-இல் சமரசத்தில் முடிந்தது. இந்நிறுவனத்தின் வண்டிகளுக்கென்றே அமைந்த ஸ்கேனரில் 93-ஆம் அளவீட்டுத் தொகுதியைத் திறந்தால் கேமின் நிலை டிகிரியில் தெரியும். எஞ்சின் நன்கு சூடேறி, நின்ற நிலையில் ஓடும்போது பார்க்க வேண்டும். சுழியத்தை ஒட்டியிருந்தால் நலம். மைனஸ் 4 அளவை எட்டிவிட்டால் மாற்றிவிடுவதே நல்லது என்பது இவற்றில் கைதேர்ந்த மெக்கானிக்குகளின் நடைமுறைக் கணக்கு. கிராங்கின் பற்சக்கரத்தில் 20 பற்கள் இருந்தால், ஒரு பல் தாண்டுவது 18 டிகிரிக்குச் சமம். ஆகவே சிறு எண் தேய்மானத்தையும், திடீரெனத் தோன்றும் பெரிய எண் பல் தாண்டியதையும் உணர்த்தும். பிற நிறுவனங்களின் எஞ்சின்களுக்கு இந்த எல்லை பொருந்தாது. மலிவு விலை ஸ்கேனர்கள் பெரும்பாலும் குறியீட்டை மட்டுமே காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விற்பவர் முன்தினமே குறியீடுகளை அழித்துவிட்டால் என்ன செய்வது? அழித்ததும் கணினியின் சுயசோதனைகள் பல 'முடிவடையவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அழித்த பின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல கார்களில் படித்தறியலாம். 12 கிலோமீட்டர் என்று வந்தால் காரணத்தைத் தயங்காமல் கேளுங்கள். இன்னொன்று: வண்டியை அதிகாலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கச் செல்லுங்கள். முதல் சில விநாடிகள் கடகடவென்று ஓசை எழுந்து அடங்கினால் டென்ஷனரின் மீது ஐயம் கொள்ளலாம். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

குறியீடு வந்துவிட்டது என்பதற்காகச் செயினைக் குற்றவாளியாக்கிவிடவும் கூடாது. பழுதான சென்சார், அறுந்த வயர், அடைபட்ட வால்வு நேர மாற்றி ஆகியவையும் அதே குறியீட்டை எழுப்பக்கூடும். ஆயிலின் அளவையும், சென்சாரையும், வயரையும் சோதிக்காமலே செயினை மாற்றச் சொல்லும் பட்டறையை விட்டு விலகுவது பணத்திற்குப் பாதுகாப்பு. எல்லா வண்டிகளிலும் செயின் இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். மாருதியின் கே வரிசை பெட்ரோல் எஞ்சின்களில் செயின் உண்டு. முந்தைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினில் இருப்பதோ ரப்பர் பெல்ட். பெல்ட்டுக்கு ஸ்கேனரை நம்பிக் காத்திருக்கலாகாது. கையேட்டில் குறித்த கிலோமீட்டரில் மாற்றிவிட வேண்டும்.

மாற்றுவது உறுதியானால் செயினோடு டென்ஷனரையும், அது உரசி ஓடும் கைடுகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பற்சக்கரங்களின் தேய்மானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அதே எண்ணை மீண்டும் படித்து, தேதியும் கிலோமீட்டரும் சேர்த்து ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.