வானத்துக் கண்ணும் வயல் கணக்கும்

சம்பாப் பருவத்தில் வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காவிரிப் படுகையின் வானம் பெரும்பாலும் மேகம் சூழ்ந்திருக்கும். ஒளிப்படக் கருவி தாங்கிய செயற்கைக்கோள் அப்பொழுது மேகத்தைக் காணுமேயன்றி வயலைக் காணாது. இக்குறையைப் போக்குவது ராடார் செயற்கைக்கோள்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2014 ஏப்ரலில் ஏவிய சென்டினல்-1ஏ, 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்ப வருவது. அது அனுப்பும் நுண்ணலை மேகத்தை ஊடுருவும். இரவு பகல் என்ற பேதமும் அதற்கில்லை. சேறடித்து நீர் கட்டிய வயல், கண்ணாடிபோல் அலையை அப்பால் செலுத்திவிடுவதால் படத்தில் கறுத்துத் தோன்றும். பயிர் தூர்கட்டி வளர வளர அவ்விடம் வெளுத்து வரும். கறுப்பு வெளுப்பாகும் இவ்வரிசையே நெல்லின் அடையாளம். தென்னந்தோப்பும் தரிசும் இவ்வாறு மாறுவதில்லை.

இதனால் விளையும் நன்மை யாது? 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு பல கிராமங்களில் விதைப்பே நிகழவில்லை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி, ஒரு காப்பீட்டு வட்டாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் விதைப்புத் தடைப்பட்டால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் இழப்பீடாகக் கிடைக்கும். எவ்வூரில் விதைப்பு நின்றது என்பதை ஊர் ஊராகச் சென்று கணக்கெடுக்க நாட்கள் பல ஆகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றோடு சேர்ந்து தயாரித்த ராடார் நெற்பரப்பு வரைபடங்கள் அப்பணிக்குத் துணைநின்றன.

நிற்க. வானத்துக் கண்ணுக்கும் எல்லை உண்டு. பயிர் நிற்பதை அது காட்டும். பட்டா யார் பெயரில் உள்ளது என்பதைக் காட்டாது. நெல்மணி பதராயிற்றா என்பதையும் நேரே சொல்லாது. ஆதலின் பயிர் அறுவடைச் சோதனையும், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும் தேவையற்றுப் போய்விடவில்லை.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் காப்பீட்டுக்குப் பதியுங்கால், வருவாய்க் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவை அடங்கலோடு பொருந்துகின்றனவா என்று தாமே படித்துப் பார்த்தல் வேண்டும். படம் எவ்வளவு துல்லியமாயினும், ஏட்டில் ஊர் மாறினால் உரிய பணம் வந்து சேராது. வானம் பார்த்துச் சொல்லும். ஏட்டைத் திருத்தமாக வைப்பது நம் கடமை.