மூன்று ‘ஏ’ பெற்றும் இடம் கிடைக்காதது ஏன்?

க.பொ.த. (உயர் தர)ப் பெறுபேறுகள் வெளியானதும் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, “எத்தனை ஏ?” என்பதாகும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அக்கேள்வியைக் கேட்பதில்லை. அது பார்ப்பது பெறுபேற்றுத் தாளில் நான்கு தசம தானங்களில் தரப்பட்டிருக்கும் இசட் புள்ளியையே. 75 பெற்றவருக்கும் ஏ, 94 பெற்றவருக்கும் ஏ. இவ்விருவருக்கும் இடையிலான தூரத்தைத் தரம் மறைத்துவிடுகிறது. இசட் புள்ளி காட்டிவிடுகிறது.

2001 ஆம் ஆண்டில் இம்முறை அறிமுகமானது. அதற்கு முன்னர் பாடங்களின் புள்ளிகளை அப்படியே கூட்டி வரிசைப்படுத்தினர். கடினமான வினாத்தாளில் பெற்ற 70 உம் இலகுவான வினாத்தாளில் பெற்ற 70 உம் சமமாகக் கொள்ளப்பட்டமை அதிலிருந்த குறைபாடாகும்.

இசட் புள்ளியைக் கணிப்பது எவ்வாறு? மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்திற்குத் தோற்றியோரின் புள்ளிகளின் இடையைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு பெற்று, அவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். (கலைப் பிரிவு மாணவர்கள் அஞ்ச வேண்டாம். நானும் கலைப் பட்டதாரியே!)

உதாரணமொன்றை நோக்குவோம். எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்தவை.

இந்து நாகரிகம்: இடை 60, நியம விலகல் 12, மாணவியின் புள்ளி 78. (78 – 60) ÷ 12 = 1.5

புவியியல்: இடை 40, நியம விலகல் 16, அதே மாணவியின் புள்ளி 72. (72 – 40) ÷ 16 = 2.0

முதலாவது ஏ, இரண்டாவது பீ. ஆயினும் அவளை மேலே உயர்த்துவது அந்த பீ தான். “இலகுவான பாடம் எடு, ஏ எடுக்கலாம்” என்று அறிவுரை கூறுவோர் இதைக் கவனிப்பதில்லை. உங்களுக்கு இலகுவானது மற்றவர்களுக்கும் இலகுவாக இருந்தால் இடை உயரும், உங்கள் இசட் புள்ளி இறங்கும். அதற்காகக் கடினமான பாடத்தைத் தேடி ஓடவும் வேண்டாம். அங்கே திறமையானவர்கள் மாத்திரம் தோற்றினால் அங்கும் இடை உயரலாம்.

யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2011 ஆம் ஆண்டுப் பரீட்சை காட்டியது. அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் மாணவர்கள் தோற்றினர். வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதிய இரு தொகுதியினரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2012 இல் அக்கணிப்பு இரத்துச் செய்யப்பட்டு, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்குமாறு உத்தரவிடப்பட்டது.

இனி மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. எனவே ஒரே இசட் புள்ளி பெற்ற இருவரில் ஒருவர் மருத்துவ பீடத்திற்குச் செல்ல மற்றவர் வீட்டில் இருக்க நேரிடலாம். வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்திற்குக் கடைசி நேரத்தில் பாடசாலை மாறிச் செல்வதால் பயன் கிட்டாது. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எங்கு கற்றீர்கள் என்பதும் பார்க்கப்படும்.

ஒரு விடயத்தை என் வகுப்பில் அடிக்கடி கூறுவேன். பொதுச் சாதாரணப் பரீட்சையின் புள்ளி இசட் புள்ளியுடன் சேர்வதில்லை. ஆனால் அதில் 30 பெறாவிட்டால் அனுமதிக்குத் தகுதியில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் படித்த ஒரு பிள்ளை மூன்று பாடங்களிலும் நல்ல பெறுபேறு பெற்றாள். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 28. “அது சும்மா பேப்பர் தானே சேர்” என்று அவள் சொன்னபோது நான் கண்டித்திருக்க வேண்டும், சிரித்துவிட்டு விட்டேன். அவ்வாண்டு அவளால் விண்ணப்பிக்க முடியவில்லை. அதன் பின்னர் எனது வகுப்பில் வாரத்தில் ஒரு மணித்தியாலம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது.

விண்ணப்பப் படிவத்தில் கற்கைநெறிகளை நீங்கள் உண்மையில் விரும்பும் ஒழுங்கிலேயே நிரப்புங்கள். சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து, “எனக்குக் கிடைக்காது” என்று முதல் விருப்பத்தை வெட்டிவிடுவோர் பலர். வெட்டுப்புள்ளி முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவதன்று. அவ்வாண்டு கடைசியாகத் தெரிவான மாணவரின் இசட் புள்ளியே அது.