பேதியும் உப்பு சர்க்கரைத் தண்ணீரும்

கார்த்திகை தீபம் வந்தால் எங்கள் திருவண்ணாமலையில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள்தான். 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றுகிறவர்கள் வழியில் கிடைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டியிருக்கிறது. மறுநாள் ஏதாவது ஒரு குழந்தைக்குப் பேதி ஆரம்பிக்கும். "தண்ணி குடுக்காதே, வயித்தைக் காயப் போடு" என்பார்கள் பெரியவர்கள். சகோதரிகளே, இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்!

பேதிகளிலேயே பொல்லாதது காலரா. அந்தக் கிருமி கக்கும் விஷம்தான் ஆளைச் சாய்க்கிறது. இதை நிரூபித்தவர் கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே. கிருமிகளை வடிகட்டிவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்திப் பார்த்தார். கிருமியே இல்லாமல் குடலில் நீர் கோத்துக்கொண்டது! இது 1959ல் வெளியாயிற்று. 1985ல் அவர் காலமாகும் வரை நம் நாட்டில் உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பதில் எனக்கு ரொம்ப வருத்தம்.

நம் குடல் செல்களில் 'ஜி புரதம்' என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் சேதியை உள்ளே சொல்லும் சுவிட்ச் மாதிரி. வேலை முடிந்ததும் தானே அணைந்துவிடும். காலரா விஷம் செல்லுக்குள் நுழைந்து, அது அணையவே முடியாதபடி செய்துவிடுகிறது. உடனே 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்ற பொருள் ஏகமாய்ப் பெருகுகிறது. செல்லிலிருந்து உப்பு குடலுக்குள் கொட்ட, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அரிசி களைந்த தண்ணி மாதிரிப் போவது இதனால்தான். ஈ-கோலி கிருமியில் சில ரகங்களும் இதே வேலையைச் செய்கின்றன.

ஆனால் உப்பும் குளுக்கோஸும் ஜோடியாக உடம்புக்குள் போக இன்னொரு வாசல் இருக்கிறது. விஷம் அதைத் தொடுவதில்லை! அந்த ஜோடியோடு தண்ணீரும் உள்ளே போய்விடும். வெறும் தண்ணீருக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

1971ல் வங்க எல்லையில் அகதிகளிடையே காலரா பரவி, சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு குளுக்கோஸ் கரைசலைத் தயாரித்து, உறவினர்கள் கையாலேயே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 வரை இருந்த சாவு 4க்குள் இறங்கியது.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் உத்தமம். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். அகப்படாவிட்டால், காய்ச்சி ஆறின தண்ணீர் 1 லிட்டரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனால் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். மீந்ததை மறுநாள் கொட்டிவிடுங்கள். கண் குழிவிழுந்து, குழந்தை துவண்டு, சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ, ரத்தமாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகும் வழியிலும் ஸ்பூன் நிற்கக் கூடாது.