கல் நிறைந்த பானையில் யாருக்கு எவ்வளவு?

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தடுப்பணை கட்டிய முதல் இரண்டு வருஷம் கிணறுகளில் தண்ணீர் மேலே வந்தது. நாலாம் வருஷம் பழையபடி அடிப்பாறை தெரிகிறது. அணை உடையவில்லை, மழையும் பொய்க்கவில்லை. பிறகு ஏன்?" ஊரின் நீர்வடிப்பகுதிக் குழு, ஒரு தொண்டு நிறுவனம், பணம் தந்த ஒரு கம்பெனி என மூன்று தரப்பும் கைகோத்துக் கட்டிய அணையாம். திறப்பு விழாப் படத்தையும் அனுப்பியிருந்தார். பதில் அந்தப் படத்தில் இல்லை, கிணற்றுக்கு அடியில் கிடக்கும் கல்லில் இருக்கிறது.

பானைக்குள் கல்லைப் போட்டுப் போட்டுத் தண்ணீரை மேலே கொண்டுவந்த காக்கையை எல்லோருக்கும் தெரியும். தமிழகத்தின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கும், ஆந்திரத்தின் ராயலசீமையின் பெரும்பகுதியும் உட்கார்ந்திருப்பது அப்படி ஒரு பானையின் மேல்தான். ஆனால் இங்கே கல்லை யாரும் போடத் தேவையில்லை, பானை முழுக்கவே கல். கருங்கல் சிதைந்து உதிரியான மேலடுக்கு பல இடங்களில் பத்து, இருபது மீட்டர்தான் இருக்கும். அதில் ஒரு கன மீட்டரை எடுத்துக்கொண்டால், கிணற்றுக்குக் கசிந்து வரக்கூடிய தண்ணீர் சுமார் 20 லிட்டர், அதாவது இரண்டு சதவீதம். மிச்சமெல்லாம் கல்லும், கல்லோடு ஒட்டிக்கொண்டு வராத ஈரமும்.

இதன் விளைவு அழகானது. ராயலசீமையின் அனந்தபூர் போன்ற ஊரில் ஆண்டு மழை 550 மி.மீ. என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 60 மி.மீ., நிலத்தடிக்குப் போகும். முழங்காலுக்குக்கூட வராத அந்தத் தண்ணீர் கிணற்று மட்டத்தை மூன்று மீட்டர் உயர்த்திவிடும். இடம் இரண்டு சதவீதம்தானே, ஐம்பது மடங்கு உயர்ந்தாக வேண்டும். காய்ச்சல் பார்க்கும் கருவியின் மெல்லிய குழாயில் ஒரு துளிப் பாதரசம் சரசரவென ஏறுவதும் இப்படித்தான். தடுப்பணை கட்டிய வருஷம் கிணறு பொங்கி வந்ததைப் பார்த்து ஊரே மகிழ்ந்ததில் பொய் ஏதுமில்லை. உயரம் உண்மை. அளவு மட்டும் கொஞ்சம்.

ஒரே காக்கை என்றால் கதை அதோடு முடிந்துவிடும். நம் பானையைச் சுற்றி ஐம்பது காக்கைகள். தண்ணீர் மேலே வந்ததும் ஒரு காக்கை நெல் நடுகிறது. மட்டம் இறங்குகிறது. பக்கத்துக் காக்கை மூக்கை நீட்டிக்கொள்கிறது. அதைப் பார்த்து மற்றதும் நீட்டுகிறது. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு என்பது நீட்டிய மூக்குதான். பானையின் அடியைத் துளைத்துப் போனால் அங்கங்கே ஒரு விரிசலில் பழைய தண்ணீர் சிக்கலாம், பானை பெரிதாகாது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நெல்லுக்கு 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும். ஊறுவது 60 மி.மீ. அப்படியானால் ஓர் ஏக்கர் நெல்லுக்கு இருபது ஏக்கரின் ஊறல் தேவை. வயலிலிருந்து கொஞ்சம் திரும்ப இறங்கும் என்று கழித்தாலும் சேதி மாறாது. வேர்க்கடலைக்கு 500 மி.மீ. என்றால் எட்டு ஏக்கர் சொச்சம் போதும். தடுப்பணை ஓடிப்போகும் நீரில் கொஞ்சத்தைப் பிடித்து இந்த 60-ஐச் சற்றே கூட்டும். அந்த நீரும் கீழே இருக்கும் ஊருக்குப் போயிருக்க வேண்டியதுதான். வாசகரின் நாலாம் வருஷக் கிணற்றை வற்றவைத்தது, தண்ணீரைக் கண்டதும் நட்ட பயிராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தக் கணக்கை உழவர்களே போட்ட இடம் ஒன்று உண்டு. வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில், நெதர்லாந்து உதவியோடு ஆழ்துளைக் கிணறு போட்டுத்தரும் திட்டம் ஒன்று 1990-களில் நடந்தது. கிணறு போட்டால் போதாது, அளக்கவும் வேண்டும் என்ற பாடத்திலிருந்து 2003 வாக்கில் ஏழு வறட்சி மாவட்டங்களில் உழவர் நிலத்தடி நீர் மேலாண்மைத் திட்டம் பிறந்தது. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு துணை நின்றது. 'பேர்ட்ஸ்' உள்ளிட்ட உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் நடத்தின.

அங்கே கூட்டாளிகள் தந்த முக்கியமான பொருள் சிமென்ட் அல்ல. மழைமானியும், தண்ணீரைத் தொட்டதும் ஒலிக்கும் அளவு நாடாவும், ஒரு நீராண்டு முழுக்க நடந்த உழவர் நீர்ப்பள்ளியும்தான். ஆண்களும் பெண்களும் பதினைந்து நாளுக்கொரு முறை கிணறுகளை அளந்து ஊர்ப் பலகையில் எழுதினார்கள். பருவமழை முடிந்ததும் கூட்டம். இவ்வளவு ஊறியிருக்கிறது, நீங்கள் விதைக்க நினைப்பவை இவ்வளவு குடிக்கும், துண்டு விழுவது இவ்வளவு. அதோடு சரி. யாரையும் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. 2004 முதல் மோட்டாருக்கு மின்சாரம்கூட இலவசம்.

பிறகு எதற்குக் குறைப்பார்கள்? என்னை வியக்கவைப்பது இதுதான்: குறைக்கக் காரணம் தருவது அந்தக் கஞ்சப் பாறையே. கங்கைச் சமவெளியின் ஆழமான மணலில் ஒரு கிராமம் மிச்சம் பிடித்தால் அது பெருங்கடலில் கரைந்துபோகும். இங்கே பானை சிறியது, ஊரின் எல்லைக்குள் அடங்குவது, ஏறக்குறைய ஆண்டுதோறும் நிரம்பிக் காலியாவது. கார்த்திகையில் நெல்லை விட்டுக் கடலைக்கு மாறினால், பங்குனியில் தன் கிணற்றிலேயே பலன் தெரியும். கணக்கை நம்பச் சொல்ல வேண்டியதில்லை, கயிற்றை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

2010-இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கை, திட்டப் பகுதியின் நீரலகுகளில் (சிற்றோடை வடிநிலங்களில்) 42 சதவீதத்தில் ராபி எனும் குளிர்காலப் போகத்தின் நீரெடுப்பு தொடர்ந்து குறைந்ததாகவும், 7 சதவீதத்தில் மட்டுமே கூடியதாகவும் சொன்னது. உலகெங்கும் இதை மேற்கோள் காட்டினார்கள். திட்டம் முடிந்தபின் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் அத்தனை பலன் நிலைத்ததா என்று ஐயம் எழுப்பினார்கள். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நாடாவைப் பிடிக்கும் கைக்குக் கூலியும் அடுத்த தலைமுறைக்குப் பயிற்சியும் இல்லையென்றால் பலகை வெறுமையாகிவிடும். கட்டடத்துக்குக் கிடைக்கும் பணம் அளவீட்டுக்குக் கிடைப்பதில்லை, அளவீட்டுக்குத் திறப்பு விழா இல்லாததால். 'இத்தனை கோடி லிட்டர் சேமித்தோம்' என்று நிறுவனங்கள் வெளியிடும் எண்களைக் காணும்போது, அது அணையின் கொள்ளளவா, கிணற்றில் அளந்த உயர்வா, பயிர் குடித்ததைக் கழித்த பின்பா என்று கேளுங்கள். மூன்றும் வெவ்வேறு எண்கள்.

தர்மபுரி நண்பருக்கு: மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, அணைக்குக் கீழே ஒன்று என மூன்று கிணறுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒரு முறையும், பங்குனிக் கடைசியில் ஒரு முறையும் அளந்து எழுதுங்கள். யார் எத்தனை ஏக்கர் என்ன நட்டார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். இரண்டு வருஷ எண்கள் கையில் வந்ததும் குழுவைக் கூட்டி, அந்தக் கம்பெனியிடம் அடுத்த அணைக்குப் பணம் கேட்பதா, கடலை விதை, சொட்டுநீர்க் குழாய் இவற்றுக்குக் கேட்பதா என்று பேசுங்கள்.