கணக்கு யார் கையில்?

ஒரு நாட்டின் கைத்தொழில் அதன் யந்திரங்களில் மட்டும் இல்லை. அதன் கணக்குப் புத்தகங்களிலும் இருக்கிறது. யந்திரம் நம்முடையது, உழைப்பு நம்முடையது, ஆனால் கணக்கு மட்டும் அயலான் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது என்றால், அத்தொழிலை முற்றிலும் நம்முடையதென்று சொல்லிக் கொள்ள முடியுமா? கிருஷ்ணகிரி ஜில்லாவின் சிறு தொழிலதிபர்கள் இக்கேள்வியைத் தங்களுக்குத் தாங்களே போட்டுக் கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டதென்பது நமது அபிப்பிராயம்.

1971-ல் சிப்காட் ஸ்தாபிக்கப்பட்ட பின்னர், கர்நாடக எல்லையிலுள்ள ஓசூர் பெருந்தொழில் நகரமாக வளர்ந்த வரலாற்றை நேயர்கள் அறிவார்கள். அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெரிய ஆலைகளின் பெயர்கள் எங்கும் பேசப்படுகின்றன. ஆனால் அவ்வாலைகளைப் போன்றவற்றுக்கு உறுப்புகளைக் கடைந்தும், வார்த்தும், தீட்டியும் கொடுக்கிற நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இன்று அப்பட்டறைகளுக்கு நேர்ந்துள்ள சோதனை கடைசல் வேலையில் அன்று, கணக்கு வேலையில்.

ஒரு லேத்துப் பட்டறையை எடுத்துக் கொள்வோம். அது அனுப்பிய ஆயிரம் உருப்படிகளில் ஒன்று பழுதென்று ஆலை திருப்பி அனுப்புகிறது. அவ்வுருப்படி எந்த வார்ப்பிலிருந்து வந்தது, எந்த யந்திரத்தில், எந்த ஷிப்டில் கடையப்பட்டது, அதே வார்ப்பில் செய்த மற்ற உருப்படிகள் எங்கே போயின என்று ஆலை கேட்கும். பட்டறைக்காரர் ஒரு மணி நேரத்தில் பதில் சொன்னால் இருபது உருப்படிகள் திரும்பி வரும். பதில் சொல்ல இயலாவிட்டால் ஆயிரமும் திரும்பி வரும். அடுத்த ஆர்டரும் சந்தேகமாகிவிடும். சிறு தொழிலுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறென்ன?

இவ்வகைக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே ஏற்பட்டது உறவுமுறைத் தரவுத்தளம். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளரான எட்கர் காட் 1970-ல் இதன் தத்துவத்தை வெளியிட்டார். வார்ப்புக்கு ஓர் அட்டவணை, யந்திரத்துக்கு ஓர் அட்டவணை, அனுப்பிய சரக்குக்கு ஓர் அட்டவணை. ஒவ்வொரு விவரமும் ஒரே இடத்தில் ஒரே முறை எழுதப்படும். பொதுவான எண்ணைக் கொண்டு ஓர் அட்டவணையை மற்றொன்றோடு பொருத்திப் பார்க்கலாம். தத்துவம் இவ்வளவே. ஆனால் உலகத்தின் பாங்குகளும் ரயில்வேக்களும் இதன் மேல்தான் நடக்கின்றன.

இத்தகைய மென்பொருளைப் பெருங்கம்பெனிகள் பெரும்பணம் வாங்கிக் கொண்டு விற்கின்றன. அதற்கு மாறாக, மூல எழுத்தை எல்லோரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையளிக்கிற திறந்த மூலத் தரவுத்தளங்களும் உள்ளன. பெர்க்லி சர்வகலாசாலையில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் 1986-ல் தொடங்கப்பட்ட போஸ்ட்கிரெஸ், 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயருடன் பல தேசத்தாரின் கூட்டு உழைப்பால் வளர்ந்து வருகிறது. அதற்குத் தனி முதலாளி இல்லை.

முதலாளி இருந்தால் என்ன நேரும் என்பதற்கு மைஎஸ்கியூஎல்லின் சரித்திரமே சாட்சி. 1995-ல் சுவீடனில் பிறந்த அதனைச் சன் கம்பெனி 2008-ல் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2010-ல் அந்தச் சன்னையே, தரவுத்தள வியாபாரத்தில் பேர்போன ஆரக்கிள் விழுங்கிற்று. போட்டிச் சரக்கு போட்டியாளன் கைக்கே போய்ச் சேர்ந்தது! ஆயினும் அதைப் படைத்தவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-லேயே அதே மூல எழுத்திலிருந்து மரியாடிபி என்னும் புதுக் கிளையைத் தொடங்கிவிட்டார். கம்பெனியை விலைக்கு வாங்கலாம். ஒரு முறை ஜனங்களுக்கு வழங்கிய உரிமையை விலைக்கு வாங்க முடியவில்லை. இதில் அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு பாடம் உண்டு.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இலவசமாகக் கிடைப்பது உழைப்பில்லாமல் நடக்கும் என்று எண்ணுவது பெரும் பிழை. நம் பழைய கணக்கர்கள் கொடுக்கல் வாங்கலை முதலில் சிட்டாவில் எழுதிப் பின்னர் பேரேட்டில் ஏற்றினார்கள். போஸ்ட்கிரெஸும் அவ்வாறே செய்கிறது. எந்த மாறுதலையும் முதலில் வரிசைக் குறிப்பில் பதித்த பிறகே அட்டவணையில் சேர்க்கிறது. நடுவில் மின்சாரம் நின்றாலும் சிட்டாவைப் பார்த்துப் பேரேட்டைச் சரி செய்து கொள்ளும். ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி உடனே அழிவதில்லை. பழையவை குவியக் குவியப் பெருக்கித் துப்புரவு செய்தாக வேண்டும். அதைப் பல காலம் தடுத்து வைத்தால், கணக்குகளுக்கு இடுகிற வரிசை எண்கள் தீரும் நிலை வந்து, தரவுத்தளம் புதிதாக எதையும் எழுத மறுத்து நின்றுவிடும். ஒவ்வோர் இணைப்புக்கும் அது தனி ஆளை நிறுத்துவதால், நூற்றுக்கணக்கானோர் ஒரே சமயத்தில் நுழைந்தால் நினைவகம் திணறும். வாசலில் வரிசைப்படுத்தி விட ஒரு காவலன் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காப்பு நகல். 2017 ஜனவரி 31-ந் தேதி, கிட்லாப் என்னும் பேர்பெற்ற மென்பொருள் ஸ்தாபனத்தில் ஒருவர் தவறான சர்வரில் கட்டளையிட்டுச் சுமார் 300 கிகாபைட் அளவுள்ள போஸ்ட்கிரெஸ் தரவை அழித்துவிட்டார். காப்பு முறைகள் பல இருந்தன. வேண்டிய நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதியே அவர்களைக் காப்பாற்றிற்று. ஆறு மணி நேரக் கணக்கு போனது போனதுதான். நிபுணர்கள் நிறைந்த இடத்திலேயே இப்படியென்றால், நம் பட்டறைகளின் கதி என்ன? மீட்டுப் பார்க்காத நகல், நகலே அன்று.

தொழில் பெருகும்போது கணக்கும் பெருகுமே, இம்மென்பொருள் தாங்குமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகத் தாங்கும். முதலில் சர்வரின் வலிமையைக் கூட்டலாம். அட்டவணைகளுக்குத் தக்க அகராதிக் குறிப்புகளை அமைக்கலாம். பிறகு வேறோர் ஊரில் நகல் பேரேடுகளை வைத்து, படிக்க வருவோரை அங்கே அனுப்பலாம். அதுவும் போதாவிட்டால் பேரேட்டையே பல பாகங்களாகப் பிரிக்கலாம். இன்ஸ்டாகிராம் 2012-ல் விலைபோனபோது அதில் வேலை செய்தவர்கள் பதின்மூன்றே பேர். கோடிக்கணக்கானோரின் விவரங்களைப் பிரித்து வைத்த போஸ்ட்கிரெஸைக் கொண்டே நடத்தினார்கள். நம் தேசத்தில் 100 கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைப் பதிவு செய்த ஆதார் அமைப்பு, மைஎஸ்கியூஎல் உள்ளிட்ட திறந்த மூல மென்பொருள்களைக் கொண்டு கட்டப்பட்டது. ஒரு பட்டறையின் கணக்கு இவற்றுக்கு முன் எம்மாத்திரம்? முதல் நாளே பத்து சர்வர் வாங்கச் சொல்லும் வியாபாரியின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

மத்திய சர்க்கார் 2015-ல் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் கொடுக்கும் கொள்கையை வெளியிட்டது. ஓசூரில் தகவல் தொழில்நுட்பப் பூங்காவை அமைத்த எல்காட் ஸ்தாபனமே முன்னொரு காலத்தில் தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிற்று. சென்னையில் தோன்றிய ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் பல, போஸ்ட்கிரெஸைத் தம்முடன் சேர்த்தே உலகெங்கும் கொண்டு செல்கின்றன. வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆள் எங்கே என்பதுதான் உண்மையான கேள்வி. ஓசூர் இளைஞர் பலர் தினந்தோறும் அத்திபள்ளி எல்லையைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் உலகக் கம்பெனிகளின் கணக்குகளைக் காக்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் ஒரு தனிப் பட்டறையால் அத்தகையவருக்குச் சம்பளம் கொடுக்க இயலாது என்பதும் மெய். ஐம்பது பட்டறைகள் சேர்ந்தால் இயலும். ஹோஸ்டியா என்னும் சிறு, குறுந்தொழில் சங்கம் இதில் முன்னிற்கலாம். ஒரு பொதுக் கணக்குக் காப்பாளர் குழு, ஜில்லாவுக்கு வெளியே ஒரு நகல் பேரேடு, மாதமொரு முறை நகலை மீட்டுப் பார்க்கும் சோதனை: இம்மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். பர்கூர் அரசு பொறியியற் கல்லூரி மாணவர்களுக்கு இதுவே நேர்ப் பயிற்சியாகவும் அமையும்.

வாடகைக்குக் கிடைக்கும் மேகச் சேவை எளிதல்லவா என்று கேட்கலாம். எளிதுதான், வாடகை வீட்டில் குடியிருப்பது குற்றமன்று. பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டு வெளியேற உரிமையில்லாத வீட்டில் குடியேறுவதே பேதைமை. போஸ்ட்கிரெஸை வாடகைக்கு எடுத்தவர் நாளை அதை வேறிடத்துக்கு மாற்றிக் கொள்ளலாம். பூட்டிய பெட்டியை எடுத்தவருக்கு அது எளிதன்று.

உரிமை நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒருவரையும் கெஞ்சாமல் கிடைத்திருக்கிறது. அதைக் காப்பதற்குரிய கல்வியும் ஒற்றுமையும் பிறர் கொடுத்து வருவனவல்ல. ஓசூர்ப் பட்டறைக்காரர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே காக்க இவ்வாண்டே ஒன்று கூடுவார்களென்று எதிர்பார்க்கிறோம்.